அமாவாசை வகுப்பு

ஆரணி
18-6-2001

அனுப்புநர்:
ச. ரேணுகாம்பாள், எம்.எஸ்ஸி., பி.எட்.,
தலைமையாசிரியை,
பெண்கள் உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்:
திரு. வீரபாகு அவர்கள்,
விசைத்தறி உரிமையாளர்,
பள்ளி மதிலுக்கு மறுபக்கம்.

பொருள்: தறிகளைத் தினமும் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கக் கோருதல் – சார்பு.

ஐயா,

எங்கள் பள்ளிக்குச் சென்னையிலுள்ள ஓர் அறக்கட்டளை ஆறு கணினிகளை இரவலாகக் கொடுத்துள்ளது. இரவல் என்பதைக் கவனிக்கவும். வருகிற மார்ச் மாதம் அவர்கள் ஆள் வந்து பார்ப்பார்கள். மாணவிகள் தாங்களே கணினியை இயக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் ஆறும் பள்ளிக்கே சொந்தம். இல்லையென்றால் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விடும்.

இதற்கு இடைஞ்சல் தாங்கள்தான். பள்ளிக்கும் தங்கள் தறிக்கூடத்துக்கும் ஒரே லைனில்தான் கரண்ட் வருகிறது. காலையில் தங்கள் தறிகள் ஓடத் தொடங்கியதும் எங்கள் அறையில் டியூப் லைட் மங்குகிறது, ஸ்டெபிலைசர் கத்துகிறது, கணினிகள் அணைந்துபோகின்றன. தறி நிற்கிற நேரத்தில் மாணவிகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே பள்ளி நாட்களில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை தறிகளை நிறுத்தி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதை நேரில் வந்து கேட்டிருக்கலாம். ஆனால் போன வருஷம் வைகாசியில் காதுகுத்து வீட்டுப் பந்தியில், அத்தனை உறவுக்காரர்கள் முன்னால், "எங்க அக்கா ஸ்கூல்ல சாக்பீஸ விட்டா இன்னா கீது?" என்று கேட்டுவிட்டு, ஏழாவது வரை என்னிடம் படித்த தீபாவை இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தாங்கள். அதனால் எழுத்து மூலம் கேட்பதே முறை என்று கருதுகிறேன். பள்ளி உதவியாளர் பூங்காவனத்திடம் பதில் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. ரேணுகாம்பாள்


ஆரணி
20-6-2001

தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு வீரபாகு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. "சார்பு"ன்னா இன்னா என்று வீட்டில் தனக்கோடி கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. நான் பத்தாவதுதானே, அதுவும் உன்னிடம் கணக்குக்குக் குட்டு வாங்கிப் பாஸ் செய்தவன்.

தறியை நிறுத்த முடியாது. நீ பெல் அடித்தால் பிள்ளைகள் வெளியே போவார்கள், பெல் அடித்தால் உள்ளே வருவார்கள். என் ஆட்கள் அப்படியில்லை. தறி நின்றால் டீக்கடைக்குப் போவார்கள். போனவர்கள் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னால் அவர்கள் வீட்டு அடுப்பையும் சேர்த்துத்தான் அணைக்கச் சொல்கிறாய். அவர்கள் பெண்களில் பாதிப் பேர் உன்னிடம்தான் படிக்கிறார்கள். கரண்ட் போதவில்லை என்றால் மின்வாரியத்துக்கு எழுது. அவர்களுக்குச் சார்பு எல்லாம் புரியும்.

நான் பந்தியில் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறாய். நீ சொன்னதை ஏன் விட்டுவிட்டாய்? "தம்பி, ஜாஸ்தி விலை குடுத்தா நல்லதா கெடைக்கறதுக்குப் படிப்பு என்ன பட்டுச் சேலையா?" என்றாய். வியாபாரிகள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

தீபா பள்ளியில் கம்ப்யூட்டர் ரூமுக்கு ஏசி போட்டிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த மரியாதையில் வைத்திருக்கிறார்கள்.

மாமா காலையில் இங்கே வந்து இட்லி சாப்பிட்டார். நீ கேட்டால் வரவே இல்லை என்று சொல்லச் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
வீரபாகு


ஆரணி
11-7-2001

வீரபாகுவுக்கு,

உன் மாமா இங்கேயும் இட்லி சாப்பிட்டார். அவருக்கு மட்டும்தான் நம் சண்டையில் லாபம்.

மின்வாரியத்துக்கு எழுதினேன். ஓர் இன்ஜினியர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். லைனில் நாலு தறிக்கூடம் இருக்கிறது, புது டிரான்ஸ்பார்மர் வைத்தால்தான் சரியாகும், அதற்கு இரண்டு வருஷம் ஆகலாம் என்றார். எனக்கு இருப்பது மார்ச் வரைக்கும்தான்.

இப்போது கணினிப் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். நீ கேலி செய்த அதே சாக்பீஸ்தான். பிள்ளைகள் படத்தைப் பார்த்து வரைகிறார்கள், பாகங்களைக் குறிக்கிறார்கள். நேற்று எட்டாவதில் ஒரு பெண் எழுந்து, "மேடம், அந்த மவுஸ கையில புடிச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். வேலூரில் எங்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடந்தது. நாலு நாள் பேசினார்கள், ஐந்தாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். நானே அதைச் சரியாகத் தொட்டதில்லை. பூட்டிய அறைக்குப் பக்கத்து அறையில் நின்று நான் பாடம் நடத்துவது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். குத்திக் காட்டக் கேட்கவில்லை. தீபா பள்ளியில் எப்படி நடத்துகிறார்கள்? அவளைக் கேட்டு எழுது. நல்ல முறையாக இருந்தால் நானும் அப்படியே செய்வேன். இதில் எனக்கு ரோஷம் இல்லை.

ரேணுகாம்பாள்


ஆரணி
27-8-2001

அக்காவுக்கு,

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

நீ கேட்டதைத் தீபாவிடம் கேட்டேன். "நல்லா சொல்லித் தர்றாங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை சரக்குக் கொடுக்க மண்டிக்குப் போனேன். அங்கே பில் போடப் புதுசாக கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். போடத் தெரிந்த பையன் வரவில்லை. முதலாளி பேஜாராகி உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குது, ஜல்தியா போட்டுக் குடுக்கும்" என்று சொல்லி, பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை யூனிபார்மோடு அங்கே கூட்டிப் போனேன்.

அவளுக்கு அதை எப்படி ஆன் செய்வது என்றே தெரியவில்லை. முதலாளியே ஆன் செய்து கொடுத்தார். என் பெயரில் முதல் எழுத்தைத் தேடி விரலை வைத்துக்கொண்டு நின்றாள். முதலாளி, "பரவால்ல பாப்பா, கம்ப்யூட்டர்னா இன்னான்னு சொல்லு" என்றார். அவள் இங்கிலீஷில் கடகடவென்று நாலு வரி சொன்னாள். ஒரு தப்பு இல்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வரும் வழியில் அழுதாள். "எங்கள தொட வுடமாட்டாங்கப்பா. மிஸ் மட்டும்தான் தொடுவாங்க. நாங்க செருப்ப கழட்டிட்டு ஜன்னல் ஓரமா நின்னு பாப்போம். கெட்டுப்போயிடும்னு சொல்றாங்க" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாக இதை ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிகினு இருந்தியே" என்றாள்.

அக்கா, எனக்கு மனசே சரியில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. உன்னிடம்தான் எழுத வருகிறது.

ஒன்று சொல்கிறேன். அமாவாசை அன்று எங்கள் தெருவில் ஒருவரும் தறி ஓட்டமாட்டோம். அது உனக்கும் தெரியும், நீயும் இந்த வீட்டில் பிறந்தவள்தான். அன்றைக்கு லைன் முழுக்க உனக்குத்தான். உன் பள்ளிக்கு அமாவாசை லீவு இல்லையே. அடுத்தது செப்டம்பர் 17, திங்கட்கிழமை. வேலை நாள்தான். பார்த்துக்கொள்.

வீரபாகு


ஆரணி
19-9-2001

வீரபாகுவுக்கு,

அமாவாசை முடிந்து இரண்டு நாள் ஆகிறது. இன்னும் பிள்ளைகள் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உன் கடிதம் வந்ததும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாதத்தில் ஒரு நாளில் என்ன செய்ய முடியும்? அதுவுமில்லாமல் அமாவாசை அன்றுதான் எங்கள் வருகைப் பதிவு படுத்துவிடும். தறி இல்லாத நாள் என்று வீடு கழுவ, படையல் போடப் பெண்களை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு யோசித்தேன். தாய்மார்களைக் கூப்பிட்டுப் பேசினேன். படையல் முடித்து அனுப்புங்கள், அன்று மட்டும் பத்தரை மணிக்கு வந்தால் போதும் என்றேன். திங்கட்கிழமை ஒரு பெண்கூட மட்டம் போடவில்லை. எல்லார் தலையிலும் எண்ணெய் வாசனை, நெற்றியில் விபூதி.

ஒரு நாள்தான் என்பதால் பாடம் நடத்தும் விதத்தையே மாற்ற வேண்டியிருந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது, யோசித்துவிட்டு வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மாதம் முழுவதும் வேலை காகிதத்தில். பாகங்களின் பெயரை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டேன். ஆளுக்கொரு வேலை. ஒருத்தி வந்தவாசி பஸ்களின் நேரத்தை நிலையத்தில் நின்று எழுதி வந்தாள். அங்கே போர்டில் இருப்பது பாதி தப்பாம். இன்னொருத்தியின் அப்பா களம்பூர் ரைஸ் மில்லில் வேலை செய்கிறார், அவள் வாரா வாரம் நெல் விலையை எழுதி வந்தாள். அட்டையில் கீ போர்டு வரைந்து விரல் பழகினார்கள். அன்றைக்கு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து அதையெல்லாம் ஏற்றினார்கள். எழுத்து இங்கிலீஷ்தான். ஆனாலும் தாங்கள் எழுதி வந்தது திரையில் வந்ததும் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளிக் காட்டினார்கள்.

நான் எதையோ தொட, ஒரு திரை வெறுமையாகிவிட்டது. ஏழாவது படிக்கிற பெண், "மேடம், கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். என் சர்வீஸில் எந்த மாணவியும் என்னைத் தள்ளச் சொன்னதில்லை. தள்ளினேன். அவள் சரிசெய்துவிட்டாள். முதலில் முகம் சுண்டிப்போனது. அப்புறம் நிம்மதியாக இருந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்த பிறகுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தால் இந்தப் பிள்ளைகள் கிழவிகளாகிவிடுவார்கள்.

தீபாவுக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தாயாம். காய்ச்சல்காரி பத்தரையிலிருந்து நாலு மணி வரை இங்கேதான் இருந்தாள். அடுத்த அமாவாசைக்கு உண்மையை எழுதி லீவு வாங்கு.

உனக்கு நல்லது.

அக்கா


ஆரணி
22-11-2001

அக்காவுக்கு,

தீபாவளி பட்சணம் பூங்காவனத்திடம் கொடுத்தனுப்பினாயே, கிடைத்தது. அதிரசம் கொஞ்சம் கருகல். தனக்கோடி சொல்லச் சொன்னாள் என்று எழுதுகிறேன், நான் நாலு தின்றேன்.

போன அமாவாசைக்குக் கரண்ட் இரண்டு முறை இறங்கியது என்று தீபா சொன்னாள். விசாரித்தேன். கோடி வீட்டில் புதுசாகத் தறி போட்டவர்கள் அமாவாசையிலும் ஓட்டுகிறார்கள். போய்ப் பேசினேன். ஊர் வழக்கத்தை மீறினால் நல்லதில்லை என்றேன். பள்ளிக்கூடத்துக்காக என்று சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு என்னிடம் ஏதாவது கேட்பார்கள். இனிமேல் ஓடாது.

தீபா இப்போது வீட்டில் எதைப் பார்த்தாலும் கட்டம் போட்டு எழுதுகிறாள். அடுத்த அமாவாசைக்குத் தறிவாரியாக எவ்வளவு ஓடியது என்று ஏற்றப் போகிறாளாம். ஆட்களிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எங்கள் வீட்டுப் பெண் தறிக்கூடத்தில் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு அவளை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து உன்னிடமே சேர்த்துவிடுகிறேன். ஊர் என்ன சொன்னாலும் சரி. நீ சொன்னதுதான் சரி என்று நான் பந்தியிலேயே வேண்டுமானாலும் சொல்கிறேன். சேர்த்துக்கொள்.

வீரபாகு


ஆரணி
3-12-2001

வீரபாகுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். அதைப் படிக்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் உனக்குக் கர்வம் வந்துவிடும்.

ஆனால் சேர்த்துக்கொள்ளமாட்டேன்.

கோபித்துக்கொள்ளாமல் படி. வருஷத்தின் நடுவில், அந்த மீடியத்திலிருந்து இந்த மீடியத்துக்கு மாற்றினால் அவள் ஒன்பதாவதே கோட்டை விடுவாள். அது ஒன்று. இன்னொன்று, நீ அவளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், அந்த வகுப்பில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் ஜன்னல் ஓரமாகவே நிற்பார்கள். நீ போய்க் கேள். "என் பெண்ணை ஏன் தொட விடவில்லை?" என்று கேள். கெட்டால் கெடட்டும், ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்று சொல். என்னிடம் பந்தியில் வாய் திறந்தாயே, அந்த வாய் அங்கே ஏன் திறக்கவில்லை? அமாவாசைக்கு அவள் எப்போதும்போல் வரலாம்.

அக்கா


ஆரணி
1-3-2002

அனுப்புநர்:
ச. ரேணுகாம்பாள், தலைமையாசிரியை.

பெறுநர்:
திரு. வீரபாகு அவர்கள்.

பொருள்: 8-3-2002 அன்று மட்டும் தறிகளை நிறுத்தக் கோருதல்.

ஐயா,

மூன்று மாதமாகத் தங்களிடமிருந்து கடிதம் இல்லை. என் மேல் வருத்தம் என்று பூங்காவனம் சொல்லித் தெரியும். தீபா அமாவாசைக்குத் தவறாமல் வருகிறாள். அதனால் மேற்கொண்டு நானும் எழுதவில்லை.

இப்போது எழுத வேண்டியிருக்கிறது. அறக்கட்டளையிலிருந்து வருகிற வெள்ளிக்கிழமை, 8ஆம் தேதி, பதினொரு மணிக்கு வந்து பார்க்கிறார்கள். தேதியை அவர்களே போட்டுவிட்டார்கள். அமாவாசை 13ஆம் தேதி. ஐந்து நாள் தள்ளி வரச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. பங்குனி முகூர்த்தத்துக்குத் தங்களிடம் ஆர்டர் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்று காலை ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்த முடியுமா என்று தெரிவித்தால் நலம்.

பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ச. ரேணுகாம்பாள்


ஆரணி
8-3-2002, மாலை

அக்கா,

இன்று நீ எங்கே போய்த் தொலைந்தாய்?

காலை ஒன்பது மணிக்கே எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டேன். லைனில் இருக்கும் மற்ற கூடங்கள் எல்லாவற்றுக்கும் நேற்று ராத்திரி நானே போய், இந்த முறை பள்ளிக்கூடத்துக்காக என்று வெளிப்படையாகவே கேட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. எல்லார் வீட்டுப் பெண்ணும் அங்கேதான் படிக்கிறது. ஆட்கள்கூட டீக்கடைக்குப் போகவில்லை. மதிலோரம் வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்க பொண்ணு எந்தப் பொட்டிகிட்ட குந்திகினு கீது, தெரியுதா?" என்று கேட்டபடி இருந்தார்கள். தீபாவும் லீவு போட்டு வந்திருந்தாள். இந்த முறை உண்மையை எழுதித்தான் வாங்கினாள்.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. நீயும் இல்லை. பிள்ளைகள் தாங்களே போட்டு, தாங்களே பார்த்து, தாங்களே அணைத்துவிட்டுப் போனார்கள். முகூர்த்தச் சரக்குக்கு அரை நாள் போயிற்று. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

உன் கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்பாய். ஐயா என்று எழுதியிருந்தாய். நிறுத்துகிறேன் என்று எழுதினால் நன்றி ஐயா என்று எழுதுவாய். அதைப் படிக்க எனக்குப் பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டால் தானே தெரிந்துகொள்வாய் என்று இருந்துவிட்டேன். வர வேண்டியவர்கள் ஏன் வரவில்லை? நீ போய் அவர்களைப் பார்த்தாயா? எழுது.

வீரபாகு


ஆரணி
9-3-2002

வீரபாகு,

நேற்று நான் போளூரில் இருந்தேன்.

உன் பதிலுக்கு ஒரு வாரம் காத்திருந்தேன். பூங்காவனம் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் வரை தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் மேல் வருத்தம், ஆர்டர் வேறு, நிறுத்தமாட்டான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வந்தவர்கள் இருட்டுத் திரைகளைப் பார்த்துவிட்டுப் போவதைவிட, முன்னாலேயே போய் நிறுத்தி, 13ஆம் தேதி வரச் சொல்லிக் கேட்பது மேல் என்று பட்டது. அவர்கள் காலையில் போளூரில் ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டு இங்கே வருவதாக ஏற்பாடு. முதல் பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டேன். பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

வந்திருந்தது ஒரு சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். அமாவாசை வகுப்பைப் பற்றி எல்லாம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "மேடம், எல்லா ஸ்கூல்லயும் என்கிட்ட இதத்தான் சொல்றாங்க. இன்னிக்கு வேணாம், இன்னொரு நாள் வாங்கன்னு. எனக்கு இன்னொரு நாள் கிடையாது. இன்னிக்கு ஓடுமா, ஓடாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

ஓடாது என்று சொன்னேன்.

அந்த நேரத்தில் இங்கே ஆறு கணினியும் ஓடிக்கொண்டிருந்தன. நான் நின்ற இடத்துக்கு எதிரிலேயே டெலிபோன் பூத் இருந்தது. உன் நம்பர் எனக்கு மனப்பாடம். "தறி ஓடுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். உன்னிடம் நான் முதலில் பேசுவதா என்றுதான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவள் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு அப்படியே திருவண்ணாமலை போய்விட்டாள். 20ஆம் தேதி லாரி வரும். கணினிகள் போளூருக்குப் போகின்றன.

திரும்பி வந்து நம் தெருவுக்குள் நுழைந்தேன். தறிச் சத்தமே இல்லை. பூங்காவனம் ஓடி வந்து, "எங்க போய்ட்டீங்க மேடம்? காலைலேர்ந்து ஒரு தறி ஓடல. புள்ளைங்க இவ்ளோ நேரம் பொட்டிய போட்டுகினு குந்திகினு இருந்துதுங்க. உங்க தம்பி மதில் மேல எட்டி எட்டிப் பாத்துகினே இருந்தாரு" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆசிரியைகள் எல்லாரும் பார்த்தார்கள்.

ராத்திரி முழுவதும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். விடிந்த பிறகு உன்னைத் திட்ட முடியவில்லை.

லாரி வருவதற்குள் பத்து நாள் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் ஒரு முறைகூட உட்காரவில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். போவதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகள் கையும் அதில் பட வேண்டும். திங்கட்கிழமை பிரேயரில் இதை அவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும். தனியாக நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நீ கூட வர வேண்டும். அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் தறியை நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக் கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை, பூங்காவனமும் இல்லை. இந்தக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ படித்து முடிக்கும் வரை உன் வாசலில் நிற்பேன். பிறகு வாயால் கேட்பேன். முடியாது என்றால் என் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்.

பதில் எழுதாதே.

அக்கா